பெயர் வாசித்த புதன்கிழமை

போன கிளினிக் நாளில் நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்களில் பாதிப் பேர் என்னோடு ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். மீதிப் பேர் மாத்தளை டவுனுக்கு வந்த பிறகு இந்த வரிசையில் நின்று நின்று பழகியவர்கள். டாக்டர் தம்பி "என்னம்மா செய்யுது?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். நான் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி வீக்கத்தைக் காட்டினேன். நெஞ்சு அடைப்பதைச் சொன்னேன். இரண்டு நாளாக வெளிக்குப் போகாததையும் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "கெழவிக்கு வெக்கம் கெட்டுப் போச்சு" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். குரலை வைத்தே ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதோடு விட்டீர்களா? பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த பேச்சைத் தொடங்கினீர்கள். அந்தக் காலத்தில் ஏது சீனி வியாதி, ஏது பிரஷர், நம் அம்மாமார் கல்லைத் தின்றாலும் செரித்தார்கள், ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை என்று ஆளுக்கு ஒன்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாத்திரைப் பையைக்கூட மறந்துவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் காலத்தில் நோய் இல்லை என்று இனி என் முன்னால் யாரும் சொல்லக் கூடாது. நோய் இருந்தது. நாம் அதை ஒளித்து வைத்தோம். ஒளித்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பத்து வயது.

ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறுகிற ரோட்டில், எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு சந்தி. சந்தி என்று பெயர்தான். ஒரு முஸ்லிம் நானாவின் கடை, ஒரு பலா மரம், நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்துக்கு ஏறுகிற மண் பாதை, இவ்வளவுதான். காற்று அடித்தால் கடைத் தகரம் அடித்துக்கொள்ளும். மூடுபனி இறங்கினால் கடையும் தெரியாது. ரத்தோட்டையில் இருந்து பஸ் வாரத்துக்கு ஒரு தடவை வந்தாலும் வரும், டிரைவருக்கு மனசு இல்லை என்றால் அதுவும் வராது. தோட்டத்து மருந்துக் காம்பரா மேல் டிவிஷனில், மூன்று மைல் ஏற்றத்தில் இருந்தது. காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் கால் புண்ணுக்கும் அங்கே ஒரே சிவப்புத் தண்ணிதான்.

அந்தச் சந்திக்கு வாரம் ஒரு தடவை கிளினிக் நடத்த அரசாங்கத்தில் இருந்து ஒரு மருத்துவச்சியை அனுப்பினார்கள். சிங்களப் பெண். எங்கள் ஆட்கள் நர்சுக்கும் மருத்துவச்சிக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை, வெள்ளை உடுத்தினால் மிஸ்ஸிதான். மிஸ்ஸி புதன்கிழமை காலையில் ஒரு தோல் பையும் ஒரு தடித்த புத்தகமுமாக வந்து இறங்கினார். கடைக்கார நானா கடையை ஒட்டி மிளகு மூட்டை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார். தர்மத்துக்குக் கொடுத்தார் என்று நினைக்காதீர்கள். ஒரு நோயாளி வந்தால் துணைக்கு நாலு பேர் வருவார்கள், நாலு பேர் வந்தால் தேத்தண்ணி குடிப்பார்கள் என்று யோசித்துக் கொடுத்தார். மனுஷர் யோசித்தது சரியாகத்தான் இருந்தது.

அந்த அறையின் வாசம் இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் மிளகு நெடி போகாது. அதன் மேலே மருந்துத் தண்ணி நெடி. உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் முதலில் தும்முவாள், பிறகுதான் நோயைச் சொல்லுவாள். பிள்ளை நிறுக்கத் தராசு இல்லை. நானாவின் கடைத் தராசில் ஒரு துணியைத் தொட்டில் போலக் கட்டிப் பிள்ளையைத் தொங்க விடுவார்கள். அந்தத் தராசு புதன்கிழமை மட்டும்தான் உண்மை பேசும் என்று அப்பா சொல்லுவார்.

மருந்துக்குப் போத்தல் நாமே கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டுப் போத்தல் அப்பா காலி செய்த சாராயப் போத்தல், பச்சை நிறம். மிஸ்ஸி மருந்தை ஊற்றிவிட்டு ஒரு நீளக் காகிதத்தை ஓரத்தில் பல் பல்லாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு வேளைக்கு ஒரு பல். அம்மா மருந்து குடித்ததும் பல் இறங்கியிருக்கிறதா என்று நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அந்த மாதிரிப் போத்தல் இப்போது எங்கேயும் இல்லை.

ஒரு வருஷத்தில் சந்தி மாறிப்போனது. இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மிஸ்ஸி கொடுத்த பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் உள்ளே போனதும் பெண்களுக்கு மலை ஏற மூச்சு வந்தது. அதற்கு முன்னால் அம்மா பாதி நாளில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார், அரை நாள் சம்பளம்தான். பிறகு அம்மாவுக்கு அரைப்பேர் விழுவது நின்றுபோனது. கையில் நாலு காசு மிஞ்சியது. மிஞ்சிய காசு புதன்கிழமை சந்திக்கு இறங்கியது.

காசு வருகிற இடம் எறும்புக்குத் தெரியாமலா போகும்? லக்கலைப் பக்கத்துச் சனங்கள் பிள்ளைகளைக் காட்ட மலையைக் கடந்து நடந்தே வந்தார்கள். வரும்போது சும்மா வரவில்லை, காய்ந்த மிளகாய், குரக்கன், தேன், கித்துள் கருப்பட்டி என்று தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஆட்கள் லயத்துக்குப் பின்னால் போட்ட பீன்ஸையும் முட்டைக்கோவாவையும் கொண்டு இறங்கினார்கள். பலா மரத்தடியில் சாக்கு விரித்தார்கள். அதை வாங்க மாத்தளையில் இருந்து ஒரு மரக்கறி லாரி வந்தது. கூட்டம் இருக்கிறது என்று பஸ்ஸும் ஒழுங்காக ஏறியது. பஸ் வந்ததால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் தங்கச் சம்மதித்தார். ஒரு தையல்காரர் வந்தார், குடை கட்டுகிறவர் வந்தார். நானா கடைக்குப் பக்கத்தில் ரொட்டி சுடுகிற பாண் போறணை போட்டார். எல்லாவற்றுக்கும் வேர் அந்த மிளகு அறையும் ஒரு பெண்ணின் தோல் பையும்தான். அது அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. நானாவைக் கேட்டால் தன் கடையால் என்பார். தோட்டத்துப் பெரிய கங்காணியைக் கேட்டால் தன் செல்வாக்கால் என்பார்.

அந்த வருஷம் அம்மா பிள்ளைத்தாய்ச்சி. எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. ஆசைப்பட்டால் போய்விடும் என்று பயம். நான் மட்டும் ஒவ்வொரு புதன்கிழமையும் அம்மாவோடு இறங்குவேன்.

மிஸ்ஸியிடம் மரத்தில் கடைந்த ஒரு குழல் இருந்தது. ஒரு முனையை வயிற்றில் வைத்து மறு முனையில் காதை வைத்துக் கேட்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார், சிங்களத்தில் தங்கச்சிக்கு நங்கி.

"நங்கி, வா. காத வை. சத்தம் போட வேணாம்."

வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தூரத்தில் யாரோ அவசரமாக மா இடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"கேக்குதா? அது ஒன்ட தம்பி. இல்லாட்டி தங்கச்சி."

நான் காதை எடுக்கவே இல்லை. அம்மா கூச்சத்தில் சிரித்து என் தலையைத் தள்ளிவிட்டாள். எனக்கு வாழ்நாளில் கிடைத்த சந்தோஷங்களைச் சேர்த்து வைத்தால் அதுதான் மேலே இருக்கும்.

ஆனால் மிஸ்ஸி சிரிக்கவில்லை. அம்மாவின் காலைப் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "இது நல்லம் இல்ல. பிரஷர் கூட. இந்தப் புள்ள லயத்துல பொறக்கக் கூடாது" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு செய்தி சொன்னார். இந்தச் சந்தியில் நாலு கட்டிலோடு ஒரு பிள்ளைப்பேற்று வார்ட்டும், தினமும் மருந்து கொடுக்க ஒரு ஆளும் வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அடுத்த புதன்கிழமை மேலிடத்தில் இருந்து ஒரு பெரிய டாக்டர் இடத்தைப் பார்க்க வருகிறார். உண்மையிலே தேவையா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு எழுதுவார்.

"எல்லாரும் வரணும். கூடுதல் சுகமில்லாத ஆள் முன்னுக்கு நிக்கணும். நான் பேர் வாசிப்பேன். நீங்களும் கட்டாயம் வரணும், அம்மே" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நம் ஆட்கள் தலையை ஆட்டுவதை நம்பி அந்த அம்மா பஸ் ஏறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பலா மரத்தடியில் கூட்டம். பெரிய கங்காணி நாற்காலியில், நானா கடைப் பலகையில், மற்றவர்கள் தரையில். பெரிய டாக்டரை எப்படி வரவேற்பது என்பதுதான் பேச்சு. மிஸ்ஸி சொன்னதை யாரோ எடுத்ததும் கங்காணி கையை உயர்த்தினார்.

"நோவுக்காரனக் கொண்டாந்து முன்னால நிறுத்துறதா? அந்தப் பொம்பளைக்கு என்னா தெரியும்? நான் ஏழு வயசுல அக்கரைக் கேம்புல நின்னவன். இங்க வாற கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னால வெள்ளைக் கோட்டுப் போட்டவங்க ஒவ்வொருத்தனா பார்ப்பாங்க. எனக்கு இருமலு. எங்கப்பா ஒரு கருப்பட்டித் துண்ட வாயில திணிச்சு, இருமல் வந்தா முழுங்குடான்னார். முழுங்குனேன். எனக்கு முன்னால நின்னவ இருமிட்டா. குடும்பத்தோட வரிசைய விட்டுத் தள்ளிட்டாங்க. அவங்க என்னா ஆனாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டு முன்னால நோவக் காட்டுறவன் மடையன்."

அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருந்தது. அதோடு அப்போது எங்களுக்கு ஓட்டும் இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை. யாரைக் கடல் தாண்டித் திருப்பி அனுப்புவார்கள், யாரை வைத்திருப்பார்கள் என்று தெரியாத காலம். இருமினவனைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்பது எல்லாருடைய எண்ணமும்.

நானாவுக்கு அந்தப் பயம் இல்லை. அவர் தலைமுறை தலைமுறையாக மாத்தளைக்காரர். அவர் புத்தி வேறு வழியில் போனது. "பொண்ணு பாக்க வாறாங்கண்டா ஊட்டக் கூட்டிப் பெருக்காம ஈப்பமா? சந்தி அழகா ஈந்தாத்தான் அரசாங்கம் காசு போடும். சீக்குப் புடிச்ச எடத்துல எவன் கட்டடம் கட்டுவான்?" என்றார்.

அம்மா பின்னால் இருந்து மெதுவாகக் கேட்டாள். "மிஸ்ஸி என்னைய வரச் சொன்னாங்களே. காலக் காட்டணும்னு சொன்னாங்க."

"காட்டி? இந்தச் சந்தியில புள்ளத்தாச்சிங்க சாகப் போறாங்கன்னு எழுதிட்டுப் போவான். அந்தப் பேரு நமக்குத் தேவையா?" என்றார் கங்காணி.

அதை எழுதத்தான் அந்த டாக்டர் வந்தார். அறிவுள்ளவர் என்று பேர் எடுத்த இரண்டு பேர், ஊர் மொத்தமும் கேட்க, விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்தார்கள். எங்கள் அப்பா கங்காணி முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அம்மா சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பூச்செண்டு கொடுக்க என்னைத் தெரிந்தெடுத்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் நன்றாக வாசிப்பேன், தொண்டை கணீர் என்று இருக்கும். மூன்று நாள் கங்காணி வீட்டு வாசலில் நின்று ஒரே வசனத்தைப் பாடமாக்கினேன். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்கய்யா. எல்லாரும் சொகமா இருக்கோம்."

புதன்கிழமை விடிந்தது. நல்ல வெயில், மூடுபனிகூட எங்களுக்கு உதவி செய்ய வரவில்லை. ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, தப்பு அடிக்கிறவர்களையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பலா மரத்தடிச் சாக்குகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். லக்கலையில் இருந்து நடந்து வந்த சனங்களை, அழுக்காக இருக்கிறார்கள் என்று, மேலே வளைவுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். மரக்கறி லாரியையும் வர வேண்டாம் என்று நானா சொல்லி அனுப்பியிருந்தார். ஆக அந்த டாக்டர் நோயாளியையும் பார்க்கக் கூடாது, சந்தையையும் பார்க்கக் கூடாது.

கடைக்குப் பின்னால் மிளகும் சாக்கும் போட்டு வைத்த ஒரு பெரிய ஸ்டோர். அதற்குள் முப்பது பேருக்கு மேல் இருக்கும். கால் புண்ணுக்காரர்கள், வயிறு ஊதிய பிள்ளைகள், இருமல்காரர்கள். என் அம்மாவும் அங்கேதான். நானா ஒரு சுளகில் கித்துள் கருப்பட்டியை உடைத்துக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். இருமல் வந்தால் முழுங்க வேண்டும். சந்தோஷத்தில் எனக்கும் ஒரு துண்டு தந்தார். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கருப்பட்டியை நான் வாயில் வைப்பதில்லை. யார் வீட்டில் தேத்தண்ணி தந்தாலும் சீனி போட்டுத்தான் குடிப்பேன், டாக்டர் ஏசினாலும்.

பத்து மணி போல ஜீப் வந்தது. பெரிய டாக்டர் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். பின்னால் மிஸ்ஸி. புதிதாகத் துவைத்து மடிப்புப் போட்ட உடுப்பு, கையில் அந்தத் தடித்த புத்தகம், முகம் முழுக்கச் சிரிப்பு. இறங்கிச் சந்தியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இறங்கிவிட்டது.

நாங்கள் இருபது இருபத்தைந்து பேர் நல்ல உடுப்பில் வரிசையாக நின்றோம். மிஸ்ஸி புத்தகத்தைத் திறந்தார். ஒரு பெயரை வாசித்தார். யாரும் வரவில்லை. அடுத்த பெயர். அதுவும் இல்லை. மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொரு பெயருக்கும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு அடுத்ததை வாசிப்பார். ஸ்டோரின் பலகைச் சுவர் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. உள்ளே நின்றவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அப்போது உள்ளே இருந்து ஒரு இருமல் வந்தது. கங்காணி தப்புக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். தப்பு முழங்கியது. முழங்கி ஓய்ந்தபோது இருமலும் இல்லை.

மிஸ்ஸி என் அம்மாவின் பெயரை வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னைக் கண்டுவிட்டார். டாக்டரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். டாக்டர் குனிந்து, தெரிந்த தமிழில் கேட்டார்.

"உன் அம்மா எங்கே, பிள்ளை? சுகமில்லையா?"

நான் கங்காணியைப் பார்த்தேன். அவர் கண்ணை அசைக்கவில்லை. வாயில் கருப்பட்டி கரைந்துகொண்டிருந்தது.

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்கய்யா. எல்லாரும் சொகமா இருக்கோம்."

"நங்கி," என்றார் மிஸ்ஸி. "பொய் சொல்ல வேணாம். அம்மாட காலு எப்படி?"

"நல்லா இருக்குங்க. கொழுந்து எடுக்கப் போயிருக்காங்க."

இது பாடமாக்கிய வசனத்தில் இல்லை. இதை நானாகச் சேர்த்தேன். கெட்டிக்காரி என்று பேர் வாங்குகிற ஆசை. டாக்டர் சிரித்து என் தலையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு மிஸ்ஸியிடம் சிங்களத்தில் ஒன்று சொன்னார். எனக்குச் சிங்களம் விளங்கும். நோயெல்லாம் உங்கள் புத்தகத்தில்தான் இருக்கிறது போல என்றார். மிஸ்ஸி புத்தகத்தை மூடினார்.

ஜீப் போனதும் கொண்டாட்டம். நானா எல்லாருக்கும் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார். ஸ்டோர்க் கதவைத் திறந்துவிட்டார்கள். அம்மா தலையெல்லாம் சாக்குத் தூசியோடு வெளியே வந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"தடுமாறாம சொன்னியா?"

"ம்."

அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அவளுக்கு உண்மையிலே பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து மிஸ்ஸி கடைசித் தடவையாக வந்தார். இந்தச் சந்தியில் நோயாளி இல்லை, கூட்டமும் இல்லை என்று முடிவு எழுதி வந்துவிட்டதாம். கிளினிக்கை ரத்தோட்டைக்கு அந்தப் பக்கம் வேறு ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள், வார்ட்டும் அங்கேதான். அவர் யாரையும் ஏசவில்லை. அம்மாவிடம் மட்டும், "வாரா வாரம் பஸ்ல கீழ வாங்க அம்மே. கட்டாயம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் இருந்தால் அல்லவா போவதற்கு? கிளினிக் இல்லை என்றதும் லக்கலைச் சனங்கள் மலை ஏறி வருவதை நிறுத்தினார்கள். அவர்கள் வராததால் மிளகாய் இல்லை, குரக்கன் இல்லை. வாங்கவும் விற்கவும் ஆள் குறைந்ததும் மரக்கறி லாரி நின்றது. லாரிக்காரன் வராத இடத்துக்குப் பஸ்காரன் ஏன் வருவான்? அவனும் ரத்தோட்டையோடு திருப்பிவிட்டான். தையல்காரர் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கியதை நானே பார்த்தேன். பாண் போறணையில் கோழி அடைந்தது. கட்ட ஒரு வருஷம் எடுத்தது, சரிய இரண்டு மாதம் போதுமாக இருந்தது. அழகான சந்திக்குத்தான் அரசாங்கம் காசு போடும் என்ற நானா, சுண்ணாம்பு அடித்த கல்லைப் பார்த்துக்கொண்டு வெறும் கடையில் உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசி மழை தொடங்கியது. அம்மாவின் முகமும் வீங்கியது. ஒரு புதன்கிழமை காலையில் தலை இடிக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். ஆனாலும் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். பகல் நிறுவைக்குக் கொழுந்தைக் கொட்டும்போது விழுந்தாள். கை கால் இழுத்தது. காத்துக் கருப்பு என்று சிலர் திருநீறு எடுக்க ஓடினார்கள். அப்பாவும் இன்னும் மூன்று பேரும் கம்பளியில் தடி கோத்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு இறங்கினார்கள். நான் லயத்துக்கு ஓடிப் பச்சைப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னாலே ஓடினேன். மருந்து கொடுப்பார்கள், போத்தல் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

சந்தியில் ஒன்றும் இல்லை. முன்பு புதன்கிழமை அந்த நேரத்துக்கு லாரி நிற்கும், பஸ் நிற்கும், மிஸ்ஸி இருப்பார். நானா ரோட்டின் நடுவில் போய் நின்று மேலும் கீழும் பார்த்தார். "யா அல்லா, ஒரு வாகனம் வராதா" என்று தலையில் கை வைத்தார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மழையிலே தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். நானாவும் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மதகுக்குப் பக்கத்தில் அப்பா நில்லுங்க என்றார். கம்பளியை இறக்கினார்கள். அம்மா போயிருந்தாள். நான் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது. போத்தலை அந்த மதகுக் கட்டிலே வைத்தது நினைவிருக்கிறது, திருப்பி எடுத்தது நினைவில் இல்லை.

செய்தி எப்படியோ எட்டி, மூன்றாம் நாள் மிஸ்ஸி நடந்தே மேலே வந்தார். வெள்ளை உடுப்பு முழங்கால் வரைக்கும் சேறு. லயத்து வாசலில் கங்காணி, நானா, அப்பா எல்லாரும் இருந்தார்கள். மிஸ்ஸி உட்காரவில்லை. பையில் இருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு நான் பேர் வாசிச்சேன். ரெண்டு தரம் வாசிச்சேன். அந்த நேரம் இவங்க எங்க இருந்தாங்க?"

கங்காணி வெற்றிலையைப் பார்த்தார். நானா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுதார்.

"கடைக்குப் பின்னால," என்றேன் நான். "ஸ்டோருக்குள்ள நின்னாங்க மிஸ்ஸி. உங்க சத்தம் அவங்களுக்குக் கேட்டுச்சு."

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். "இத அன்னைக்கிச் சொன்னா போதும் தானே, நங்கி" என்றார். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரிய மனுஷி சொல்லக் கூடாத வார்த்தை அது. சொல்லிவிட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து பொய்க்காரியாக்கியது அவரைத்தான்.

நானா அடுத்த வருஷமே கடையைப் பூட்டிக்கொண்டு தம்புள்ளைப் பக்கம் போனார். கங்காணி கடைசிக் காலத்தில் நோயை யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி. சந்தியில் இப்போது பலா மரமும் இல்லை.

கடைசியாக, வெக்கம் கெட்டுப் போச்சு என்று பின்னால் இருந்து சொன்னவளுக்கு ஒரு வார்த்தை. உன் வீடு எங்கள் லயத்தில் நாலாவது காம்பரா. உனக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் நினைவிருக்காது. உன் அம்மா இருமி இருமி அடுத்த மாசியில் செத்தாள், அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் தப்புச் சத்தத்துக்கு அடியில் இருமியது உன் அம்மா. என் அம்மா அன்று லயத்துக்கு ஏறும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னாள், "அவளுக்கு இருமல் நிக்கவே இல்ல, நான்தான் முந்தானையால வாயப் பொத்திப் புடிச்சேன்" என்று.

அடுத்த கிளினிக்குக்கு என் பக்கத்தில் உனக்கு இடம் போட்டு வைக்கிறேன். உன் பெயரைக் கூப்பிட்டால் எழும்பி நின்று, எது வலிக்கிறதோ அதைச் சத்தமாகச் சொல்.